மழலையர் வகுப்புக் குழு: அடுத்த வாரம் வானிலை

சுமதி டீச்சர்: பாட்டில் மேகம் யாராவது செஞ்சிருக்கீங்களா? வெந்நீர், மேல ஐஸ் எல்லாம் வெச்சாலும் கண்ணாடிதான் வேர்க்குது, மேகம் வரல.

மாலா அக்கா: புகை விட்டீங்களா? நீராவி ஒட்டிக்க ஏதாவது துகள் வேணும். இல்லேன்னா கண்ணாடியிலயே படிஞ்சிடும்.

மாலா அக்கா: வெந்நீர் 2 அங்குலம். கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விடும். ஒரு சுழற்று சுழற்றி பக்கமெல்லாம் சூடாக்குங்க. தீக்குச்சியை ஊதி அணைச்சு புகையோட உள்ள போட்டு, மூடியைக் கவுத்து வெச்சு அதுல ஐஸ். பின்னாடி கறுப்பு அட்டை முக்கியம், வெளிச்சத்துல மேகம் தெரியாது. தீக்குச்சி பெரியவங்க கையில மட்டும் 🙏

சுமதி டீச்சர்: ஓ, புகைதான் விட்டுப்போச்சு! ஷேவிங் நுரை மழை எப்படி?

ரேவதி: கண்ணாடி டம்ளர் தண்ணி மேல நுரைதான் மேகம், ஒரு விரல் தடிமன் போதும். கலரைத் தண்ணியில கரைச்சு இங்க் ஃபில்லர்ல சொட்டணும். நுரை தடிமனா இருந்தா கலர் உள்ளேயே நின்னுடும், பிள்ளைங்க பொறுமையில்லாம மொத்தத்தையும் கொட்டிடுவாங்க.

மாலா அக்கா: எனக்கு அது அவ்வளவா பிடிக்காது. மேகம்னா நுரைன்னு மனசுல பதிஞ்சிடும். 3 வயசு வாயிலயும் வைக்கும்.

ரேவதி: ஃபில்லர் அமுக்குறது விரலுக்கு நல்ல பயிற்சிக்கா. பாடம்னு சொல்லாம விளையாட்டா விடலாம்.

மாலா அக்கா: அது சரி. ஆனா சின்னதுங்களுக்குக் குட்டைதான். வெயில் படுற சிமென்ட் தரையில ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி சுத்தி சாக்பீஸ் கோடு. ஈரத்து மேலயே போட்டா சாக்பீஸ் குழையும், அரை அங்குலம் தள்ளிப் போடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை வேற கலர்ல கோடு. கோடு கோடா உள்ள சுருங்கிட்டே போகும்.

முருகன் (கவின் அப்பா): மண்ணுல செய்யலாமா?

மாலா அக்கா: வேண்டாம் சார். "மண்ணு குடிச்சிடுச்சு"ம்பாங்க, அதுவும் உண்மைதானே 😄

சுமதி டீச்சர்: மழைமானி?

ரேவதி: பக்கம் நேரா இருக்குற பாட்டில் எடுங்க. மேல் பாகத்தை வெட்டிப் புனல் மாதிரி கவுத்து வைங்க, விளிம்புல டேப். அடி வளைவா இருக்கும், அதனால கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணி ஊத்தி அங்க 0. மரத்தடி, கூரை ஓரம் ஆகாது. எண் தெரியாதவங்க தண்ணி உயரத்துக்குக் காகிதம் வெட்டி சார்ட்ல ஒட்டட்டும்.

சுமதி டீச்சர்: குட்டைத் தண்ணி எங்க போச்சுன்னு கேட்டா?

மாலா அக்கா: உடனே சொல்லிடாதீங்க. ஒரே மாதிரி ரெண்டு தட்டு, தட்டுக்கு ஒரு ஸ்பூன் தண்ணி. ஒண்ணு வெயில்ல, ஒண்ணு நிழல்ல. எது முதல்ல காயும்னு அவங்களையே கேளுங்க.