நான் எழுதாத சி.ஐ. கோப்பு என் ரெப்போவில் இருக்கலாமா?

கரிசல்:
ரஸ்ட் மொழியில் எழுதி பைத்தானுக்குக் கொடுக்கும் சின்ன நூலகம் ஒன்றை கிட்ஹப் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) வைத்திருக்கிறேன். சி.ஐ. (நூலகத்தைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஏற்பாடு) அமைக்க, ரஸ்ட் நூலகத்தைப் பைத்தானுக்காகக் கட்டித் தரும் மேட்டுரின் கருவியில் 'மேட்டுரின் ஜெனரேட்-சிஐ கிட்ஹப்' என்று ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்தேன். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் வீல் (நிறுவத் தயாரான பைத்தான் பொதி) கட்டி, டேக் (பதிப்புக்கு வைக்கும் பெயர்) போட்டால் பைத்தான் நூலகங்களின் பொதுக் கிடங்கான பைப்பையில் ஏற்றுவது வரைக்கும் ஒரு நீண்ட யாமல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பு வந்து விழுந்தது. கூடப் பராமரிப்பவர் மெர்ஜ் செய்ய (ரெப்போவில் சேர்க்க) மறுக்கிறார். "நீங்களே எழுதாததை நான் ஏன் ரிவ்யூ செய்ய வேண்டும்?" என்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நெட்டிலிங்கம்:
அவர் கேட்டது நியாயம்தான். பைப்பையில் உங்கள் பெயரில் ரிலீஸ் போடும் அதிகாரம் அந்தக் கோப்பிடம் இருக்கிறது. 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' விவகாரம் நினைவிருக்கிறதா? சி.ஐ. கோப்பு அழைத்து ஓட்டும், பிறர் எழுதிய ஆயத்தப் படிக்குத்தான் ஆக்‌ஷன் என்று பெயர். அப்படி ஒரு பிரபலமான ஆக்‌ஷனின் பழைய டேக்குகளையெல்லாம் யாரோ தீய கமிட்டுக்கு (பதிவான நிரல் மாற்றத்துக்கு) திருப்பிவிட்டார்கள். ரகசியச் சாவிகள் பில்ட் லாகில் (கட்டும் வேலையின் பதிவேட்டில்) கொட்டின. 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. மேட்டுரின் எழுதித் தரும் கோப்பும் ஆக்‌ஷன்களை டேக்கை வைத்துத்தான் அழைக்கிறது, கமிட் ஹாஷை (ஒரு கமிட்டுக்கே உரிய எண்ணெழுத்து அடையாளத்தை) வைத்து அல்ல; டேக்கைத் திருப்பிவிடலாம், ஹாஷை முடியாது. இதை நீங்கள் கவனித்தீர்களா?

வண்டல்:
அண்ணே, கையால் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஹாஷ் போட்டா எழுதுகிறார்கள்? நாலு ரெப்போவைத் திறந்து பாருங்கள். முக்கால்வாசிப் பேர் பக்கத்து ரெப்போவிலிருந்து காப்பி அடித்ததுதான். அந்தக் கோப்பையும் அவர்கள் படித்ததில்லை.

அப்புறம், லினக்ஸ் வீல் கட்டுவது என்ன லேசான வேலையா? உங்கள் உபுண்டுவில் கட்டிய வீல் பழைய ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகம்) இருக்கும் கணினியில் ஓடாது. அதற்காகத்தான் மெனிலினக்ஸ் என்று ஒரு ஏற்பாடே இருக்கிறது. மெனிலினக்ஸ்2014 என்றால் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் காலத்து ஜிலிப்சி 2.17. முதல் தடவை நூலகம் வெளியிடுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அந்தக் கட்டளைக்குத் தெரியும்.

கையால் எழுதினால் வரும் இன்னொரு கூத்து: பைத்தான் பதிப்பை மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுதிவிட்டு, சி.ஐ. ஏன் 3.1ஐத் தேடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். யாமல் அதை எண்ணாகப் படித்து, கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிடும்.

இரவுப்பணி:
ஹாஸ்கெல் மொழிப் பக்கம் இது பல வருடப் பழக்கம். நூலகத்தின் விவரங்களைச் சொல்லும் கபால் கோப்பில் 'டெஸ்டட்-வித்' என்று ஒரு வரி. எந்தெந்த ஜிஎச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்) பதிப்புகள் என்று அதில் எழுதினால் போதும், 'ஹாஸ்கெல்-சிஐ' என்ற கருவி சி.ஐ. கோப்பை எழுதி மீதியைப் பார்த்துக்கொள்ளும். ட்ராவிஸ் என்ற சி.ஐ. சேவையின் டாட் ஆர்க் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டபோது என் எல்லா நூலகங்களையும் ஒரே மாலையில், கிட்ஹப்பின் சொந்த சி.ஐ. சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாற்றினேன். கையால் எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு கோப்பாக மறுபடி எழுதினார்கள்.

நெட்டிலிங்கம்:
பிறந்த அன்றைக்கு எல்லாக் கோப்பும் அழகுதான் தம்பி. ஆறு மாதம் கழித்துத்தான் பிரச்சினை.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் உள்ளுக்குள்ளேயே சி.ஐ. கோப்பு உருவாக்கும் ஒரு ஜெனரேட்டர் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவசரத்துக்கு ஒருவர் யாமலிலேயே டெஸ்ட் படி ஒன்றைக் கையால் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்து வேறொருவர், விஷயம் தெரியாமல், ஜெனரேட்டரை ஓட்டினார். அந்தப் படி மாயம். பச்சை டிக் மட்டும் வந்துகொண்டே இருந்தது. டெஸ்டே ஓடாமல் இரண்டு ரிலீஸ் போன பிறகுதான் தெரிந்தது. பதிப்புகளைத் தானாகப் புதுப்பிக்கும் டிபெண்டபாட் செய்யும் மாற்றங்களுக்கும் இதே கதிதான்: அது பதிப்பை ஏற்றும், அடுத்த தடவை ஜெனரேட்டர் இறக்கும்.

வண்டல்:
அது டிஃப் (என்ன மாறியது என்ற ஒப்பீடு) பார்க்காமல் கமிட் செய்தவர் தவறு. ரஸ்ட் நிரல்களை வெளியிட உதவும் 'கார்கோ-டிஸ்ட்' கருவி இதற்கு வழி வைத்திருக்கிறது. கோப்பில் கை வைத்திருந்தால் சி.ஐ.யே சிவப்பு காட்டி நின்றுவிடும். வேண்டுமென்றே கை வைத்தீர்கள் என்றால் 'அலவ்-டர்ட்டி' என்று அமைப்பில் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்லும் ஆறு மாதக் கணக்கை நானும் போடுகிறேன். கட்டிய கோப்புகளை ஏற்றிவைக்கும் அப்லோட்-ஆர்ட்டிஃபாக்ட் என்ற ஆக்‌ஷனின் 3ஆம் பதிப்பு 2025 ஜனவரி 30க்குப் பிறகு வேலை செய்யவில்லை. கையால் எழுதியவர்கள் 3ஐ அழித்து 4 போட்டார்கள். உடைந்தது. ஏனென்றால் 4இல் ஒரே பெயரில் இரண்டு வேலைகள் ஏற்ற முடியாது. இவர்களுடைய எல்லா வேலையும் 'வீல்ஸ்' என்றே ஏற்றிக்கொண்டிருந்தது. மேட்டுரினின் புதிய பதிப்பை வைத்து மறுபடி ஓட்டியவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் தானாகவே வந்துவிட்டன.

நெட்டிலிங்கம்:
சரி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது உண்மை. நானே ஒரு சனிக்கிழமையை அதில் தொலைத்தேன். ஆனாலும் கரிசல் இன்னும் பதில் சொல்லவில்லையே. கோப்பைப் படித்தாரா இல்லையா?

கரிசல்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஒப்புக்கொள்கிறேன், அதற்கு முன் படிக்கவில்லை. முதல் அதிர்ச்சி: அதில் டெஸ்டே கிடையாது! வீல் கட்டுகிறது, ஏற்றுகிறது, அவ்வளவுதான். கட்டளையோடு 'பைடெஸ்ட்' என்ற விருப்பத்தையும் கொடுத்தால்தான் டெஸ்ட் படிகள் வருமாம். கொடுத்து மறுபடி உருவாக்கினேன். ஓட்டிய கட்டளை கோப்பின் தலையிலேயே குறிப்பாக இருக்கிறது என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். எஸ்390எக்ஸ் மெயின்ஃபிரேமில் என் நூலகத்தை யாரும் ஓட்டப் போவதில்லை, அதனால் அதற்கு வீல் கட்டும் வரிகளை மட்டும் கையால் நீக்கிவிட்டேன்.

நெட்டிலிங்கம்:
கையாலா? அடுத்த தடவை ஓட்டினால் திரும்ப வருமே.

கரிசல்:
வரும். தனி கமிட்டாகத்தான் நீக்கியிருக்கிறேன், வந்தால் அதையே செர்ரி-பிக் செய்துகொள்வேன் (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்து மறுபடி போடுவேன்). கூடப் பராமரிப்பவரும் இப்போது ரிவ்யூ செய்ய உட்கார்ந்துவிட்டார். முதல் கமெண்டே "ஹாஷ் எங்கே?" என்று வந்திருக்கிறது.