ஒரே கட்டளை, மேக்கில் மட்டும் பிழை: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் மாணவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். முகவரிப் பட்டியலில் ‘ராயபுரம்’ தவறாக இருந்த இடங்களைத் திருத்த, உரையில் சொற்களை மாற்றும் ‘செட்’ (sed) கட்டளையை, கோப்பிலேயே நேரடியாகத் திருத்தச் சொல்லும் ‘மைனஸ் ஐ’ (-i) சேர்த்து எழுதினோம். உபுண்டு லினக்ஸில் நொடியில் முடிந்தது. ஒரு மாணவியின் மேக்கில் பிழை வந்தது. மேக்கில் இருப்பது ‘செட்’டின் பிஎஸ்டி (BSD) வகை. அது காப்பு நகலின் கோப்புப் பெயரில் சேர்க்க வேண்டிய பின்னொட்டைக் கட்டாயம் கேட்கிறது. கொடுக்காவிட்டால் நம் திருத்த வரியையே பின்னொட்டாக எடுத்துக்கொள்கிறது! வெற்று மேற்கோள் கொடுத்தால் மேக்கில் சரி, உபுண்டுவில் பிழை. பின்னொட்டை ‘மைனஸ் ஐ’யோடு இடைவெளியின்றி ஒட்டி எழுதினால் இரண்டிலும் ஓடுகிறது. ஆனால் நகல் கோப்புகள் குவிகின்றன. அவற்றை அழித்துக்கொண்டே இருப்பதா, உபுண்டுவில் உள்ள க்னூ (GNU) வகை செட்டை மேக்கிலும் நிறுவுவதா, பெர்ல் நிரல்மொழிக்கு மாறுவதா? தன் கணினிதான் பழுது என்று அந்தப் பெண் கலங்கிவிட்டாள். சனிக்கிழமை வகுப்புக்குள் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.