நியூயார்க் உணவு நடைச் சுற்றுலா: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நியூயார்க்கில் லோயர் ஈஸ்ட் சைடு, சைனாடவுன், லிட்டில் இத்தாலி மூன்றையும் வழிகாட்டியோடு நடந்தே சுற்றி, அங்கங்கே சாப்பிட்டுப் பார்க்கும் டூருக்கு யாராவது போயிருக்கிறீர்களா? அடுத்த மாதம் அம்மாவோடு போகிறேன். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. முழங்கால் வலி வேறு.

எனக்கு 1888-லிருந்து நடக்கும் காட்ஸ் டெலி என்ற உணவகத்தின் பாஸ்ட்ராமிமேல் ஒரு கண். அது மசாலா தடவிப் புகையூட்டிய மாட்டிறைச்சி. அம்மாவை எதிரில் உட்கார வைத்து ஊறவைத்த வெள்ளரிக்காயை மட்டும் கடிக்கச் சொல்ல மனசு வரவில்லை. உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து சுடும் யூதர்களின் க்னிஷ் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் மாவில் முட்டை இல்லாமல் கிடைக்குமா?

முன்பே சொன்னால் சைவத்துக்கு மாற்று தருவார்களா, இல்லை வெறும் ரொட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்களா? நடுவில் உட்கார இடம் இருக்குமா? டூரே வேண்டாம், ஆர்ச்சர்ட் தெருவில், குடியேறிகள் வாழ்ந்த பழைய அடுக்கு வீடுகளைக் காட்டும் டெனமென்ட் மியூசியத்தைப் பார்த்துவிட்டு நீங்களே மெல்ல நடங்கள் என்றாலும் சரி, சொல்லுங்கள்.