பொருள்: 'பாவர்ட்டி பிரீமியம்' – தமிழில் என்ன போடலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பாடநூல் கலைச்சொல் பட்டியலில், ஏழை என்பதாலேயே ஒருவர் அதே பொருளுக்கும் கடனுக்கும் மற்றவரைவிடக் கூடுதலாகக் கட்ட நேர்வதற்கு (பாவர்ட்டி பிரீமியம்) என்ன சொல் போடலாம் என்ற பேச்சில், குழுவில் ஓர் ஐயா சொன்ன 'வறுமை மிகைவிலை', ஓர் அம்மா சொன்ன 'ஏழை வரி' இரண்டையும் பார்த்தேன். வரி வேண்டாம். வரி என்றால் அரசு கஜானாதான் நினைவுக்கு வரும்; இந்தக் காசு போவது வேறு பைக்கு. மிகைவிலை, கடையில் சின்னப் பாக்கெட் வாங்குவதற்குச் சரி. வட்டிக்கு ஒட்டாது.

சென்னை மீன்பிடித் துறைமுகம் காசிமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் மீன் எடுக்க ஒரு கூடைக்காரம்மா தண்டல், அதாவது தினமும் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடன், வாங்குகிறார். பேச்சு 10,000 ரூபாய். 1,500 பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வண்டியில் ஆள் வந்து, அட்டையில் குறித்துவிட்டு வாங்கிப்போவார். 15 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளே கரையத் தொடங்கிவிடுகிறது. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். வங்கி நகைக்கடனில் இதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அடகு வைக்க நகை வேண்டுமே. (கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. வந்தது, அவ்வளவுதான்.)

நாடுகளுக்கும் இதே கதைதான். ஐ.நா.வின் 2023 கடன் அறிக்கைப்படி, ஆப்பிரிக்க நாடுகள் கட்டும் வட்டி சராசரியாக அமெரிக்கா கட்டுவதைப்போல் 4 மடங்கு, ஜெர்மனி கட்டுவதைப்போல் 8 மடங்கு. கல்விக்கோ மருத்துவத்துக்கோ ஒதுக்குவதைவிட வட்டிக்கு அதிகம் கொடுக்கும் நாடுகளில் 330 கோடிப் பேர் இருந்ததாகவும் அதே அறிக்கை சொன்னது. வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு, உலகச் சராசரி 6க்கு மேலேயே நிற்கிறது.

விலை, வட்டி, கட்டணம் மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி என் பரிந்துரை: வறுமைத் தண்டம். 'தண்டமா அழுதேன்' என்று எங்கள் வண்ணாரப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

——

வணக்கம். தண்டம் என்பது குற்றத்துக்குக் கட்டுவதாயிற்றே? பாடநூலில் படிக்கும் பிள்ளை, ஏழை ஏதோ தப்புச் செய்தார் போலிருக்கிறது என்று நினைக்காதா? தண்டலோடும் குழம்பும். நான் 'வறுமைக் கூடுதல்' பக்கம்.

——

தண்டல் வாங்குகிறவர் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார், ஐயா. ஆனால் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது நியாயம். 'கூடுதல்' என்றால் கூடக் கிடைத்தது போலவும் ஒலிக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. பாடநூல் பட்டியலில் 'வறுமைக் கூடுதல் செலவு' என்று முழுசாகப் போடுவோம். கட்டுரை எழுதுகிறவர்களுக்குத் தண்டம் இருக்கட்டும். வரையறையில் வட்டியை விட்டுவிடாதீர்கள்.