புதுப்பிப்பு: வால்வு கசிவோடு ஓடிய கார்

மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன்: ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) கார் உதறுகிறது, வால்வு (சிலிண்டரின் வழியைத் திறந்து மூடும் மூடி) லீக் என்கிறார்கள், இப்படியே ஓட்டலாமா என்று. "மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர்களை நம்பித் தினமும் ஓட்டினேன். என் தப்புதான்.

போன வாரம் மேட்டில் பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்ததில் மற்ற மூன்று சிலிண்டரிலும் 170 பிஎஸ்ஐ பக்கம். மூன்றாம் நம்பர் சிலிண்டரில் மட்டும் 70. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார் மெக்கானிக். ஏறவே இல்லை. பிஸ்டன் ரிங் போயிருந்தால், ஆயில் அந்த இடுக்கை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும். பிறகு அந்த சிலிண்டருக்குள் காற்று ஏற்றினார். சைலன்சர் வழியாக உஸ்ஸென்று சத்தம். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வேதான்.

வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் வால்வின் ஓரம் ஒரு பக்கம் கருகி, பல் உடைந்தது போலிருந்தது. சூடான வால்வு, மூடும்போது தன் சீட்டில் (அது உட்காரும் வளையத்தில்) ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு ஹெட்டுக்கு இறங்கும். இடுக்கில் நெருப்புக் காற்று பாய்ந்தால் ஓட்ட ஓட்ட இன்னும் கருகும். எரியாத எரிபொருள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்குமாம். என்னுடையது தப்பித்தது, எப்படியோ.

காரணம்? கார் சிஎன்ஜி கேஸில் ஓடியது. அதில் வால்வு சீட் சீக்கிரம் தேயும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடம்) இறுகும், வால்வு முழுசாக மூடாது. அப்படி இறுகியிருந்ததை நான் ஒருமுறைகூடப் பார்க்கச் சொன்னதில்லை.

லேத்தில் சீட் கட்டிங், புது வால்வு, சீல், ஹெட் கேஸ்கெட். மூட்டும் முன் போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் உள்ள வழியில்) பெட்ரோல் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஐடில் இப்போது அமைதி. அடுத்த டேப்பட் செக் 10,000 கிலோமீட்டரில்.