தராசு நகரவில்லை, பேன்ட் தளர்ந்துவிட்டது: கொழுப்பைக் குறைத்தபடியே தசை கூட்டுவோருக்கான பகிர்வுகள்

இது பலர் பகிர்ந்ததன் தொகுப்பு, * குறிக்குப் பிறகு பேசுபவர் மாறலாம். புதிதாகப் பயிற்சி தொடங்குபவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது: "முதலில் எடையைக் குறைத்துவிட்டுப் பிறகு தசை ஏற்றவா, இரண்டையும் சேர்த்துச் செய்யவா?" உடம்பில் ஓரளவு கொழுப்பு இருந்து, இதுவரை எடைப்பயிற்சியே செய்யாதவராக இருந்தால் சேர்த்தே செய்யலாம். இது சாத்தியமா என்று சந்தேகப்படுபவர்கள் கணக்கைப் பாருங்கள். 80 கிலோ எடையில் 30 சதவீதம் கொழுப்பு என்றால் 24 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. தசையிலோ முக்கால் பங்கு தண்ணீர்தான். அதைக் கட்டத் தேவையான ஆற்றல் கையிருப்பிலேயே கிடக்கிறது. வெளியிலிருந்து கட்டாயம் வர வேண்டியது புரதமும், "இங்கே தசை வேண்டும்" என்று உடம்புக்குச் சொல்லும் பாரமும்தான்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: சாப்பாட்டை அளவுக்கு மீறி வெட்டுவது. நாளுக்கு 1000 கலோரி குறைத்துவிட்டு ஜிம்முக்குப் போனால், மூன்றாவது வாரத்தில் தூக்கும் எடை நின்றுபோகும், ஐந்தாவது வாரத்தில் இறங்கும். குறைக்க வேண்டியது 300 முதல் 500 கலோரி மட்டுமே. வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம், அதிகம் போனால் 0.7 சதவீதம் இறங்கினால் போதும். 80 கிலோக்காரருக்கு அது 400 முதல் 550 கிராம்.

எவ்வளவு சாப்பிட்டால் எடை நிலையாக இருக்கும் என்பதை, எடை, உயரம், வயதை வைத்துக் கணக்கிடும் சூத்திரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். அதில் சில நூறு கலோரி பிசகுவது சாதாரணம். வழக்கமான சாப்பாட்டை இரண்டு வாரம் அப்படியே எழுதி வையுங்கள், தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு வாரங்களின் சராசரியும் ஒன்றாக இருந்தால், எழுதிய கலோரியின் சராசரிதான் உங்கள் நிலை அளவு. அதிலிருந்து குறையுங்கள்.

*

பயிற்சிப் பக்கத்தை நான் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என்று பிரிக்கும் அட்டவணை ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு அசைவை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் செய்தால் அது கைக்குப் பழகவே பல மாதங்கள் ஆகும்.

இரண்டு பட்டியல் போதும், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதல் நாள் டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப் அல்லது டம்பெல் பிரஸ் (மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த நாள் ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து எடையை இறக்கி ஏற்றுவது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), லாட் புல்டவுன் (மெஷினில் கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுப்பது). முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் 2 செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), பிறகு 3 செட். ஒரு செட்டுக்கு 8 முதல் 12 ரெப், அதாவது அத்தனை முறை. செட்டுக்கு இடையே 2 நிமிடம் ஓய்வு, கால் பயிற்சிக்கு 3 நிமிடம். ஓய்வை 30 விநாடியாகச் சுருக்கி வியர்வையைக் கூட்டினால் கொழுப்பு கரையும் என்று நினைப்பவர்கள் நிறைய. மூச்சு வாங்குவதால் செட் பாதியில் நிற்கும், தசைக்கு வேலை போய்ச் சேராது.

ஏற்றும் முறை இதுதான்: மூன்று செட்டிலும் 12 ரெப் சுத்தமாக வந்தால் அடுத்த முறை எடையைக் கூட்டுங்கள். மேல் உடம்புக்கு 2.5 கிலோ, காலுக்கு 5 கிலோ. ரெப் 8க்கு இறங்கும். அங்கிருந்து திரும்ப 12 வரை ஏறுங்கள். இதை நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் மூன்று மாதம் ஒரே டம்பெல்லைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

"இன்னும் 2 ரெப்தான் வரும்" என்ற இடத்தில் செட்டை நிறுத்துங்கள். புதியவர்கள் இதைத் தவறாக மதிப்பிடுவது வழக்கம், 2 என்று நினைக்கும்போது உண்மையில் 6 மிச்சம் இருக்கும். லாட் புல்டவுன் போன்ற ஆபத்தில்லாத மெஷினில் கடைசி செட்டை ஒருமுறை முடியாத வரை செய்து பாருங்கள், அளவு புரிந்துவிடும். ஸ்குவாட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

*

டம்பெல் மட்டும் வைத்துச் செய்பவர்களுக்கு மேலே சொன்ன 2.5 கிலோ கணக்கு பொருந்தாது. 5 கிலோவிலிருந்து 7.5க்குப் போவது ஒரேயடியாக 50 சதவீத உயர்வு. தோள் பயிற்சியில் அங்கேயே முட்டி நின்றுவிடுவார்கள். அவர்கள் ரெப் எல்லையை 8 முதல் 15 அல்லது 18 வரை விரித்துக்கொள்ளட்டும். 18 வந்த பிறகு ஏறினால் 8 ரெப் கிடைக்கும். இறக்கும்போது 3 விநாடி எடுத்துக்கொள்வதும் அதே டம்பெல்லைக் கனமாக்கும்.

*

உடல் அமைப்பு சார்ந்த தவறுகள் சில. ஸ்குவாட்டில் குதிகால் தூக்கினால் பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான் காரணம். குதிகாலுக்கு அடியில் சிறிய எடைத்தட்டு வைத்தால் உடனே சரியாகும், கணுக்காலை மெதுவாகப் பழக்கலாம். ரொமேனியன் டெட்லிஃப்டில் தரையைத் தொட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் முதுகு வளைகிறது. இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், தொடையின் பின்பக்கம் இழுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான். புஷ்-அப்பில் முழங்கை தோளுக்கு நேர்ப்பக்கமாக விரிந்தால் தோளின் முன்பக்கம் வலிக்கும், உடம்போடு 45 பாகை அளவுக்கு ஒடுக்குங்கள். தரையில் வரவில்லையென்றால் மேசை விளிம்பில் கை வைத்துச் செய்யுங்கள். முழங்கால் ஊன்றிச் செய்வதைவிட அது நல்லது, ஏனென்றால் வயிறும் சேர்ந்து வேலை செய்யும், உயரத்தைக் குறைத்துக் குறைத்துத் தரைக்கு வரலாம்.

தசைவலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து தணியும். வலி இருந்தால்தான் பயிற்சி பலித்தது என்று அர்த்தமில்லை. ஆனால் முதல் நாளே வெறிகொண்டு செய்துவிட்டு, தசை வீங்கி, சிறுநீர் கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ போனால் அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*

சாப்பாடு. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். 80 கிலோவுக்கு 128 கிராமில் தொடங்குகிறது. உடல் பருமன் அதிகம் உள்ளவர் தற்போதைய எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், அடைய நினைக்கும் எடையை வைத்துப் போடுங்கள்.

தட்டில் எப்படி இருக்கும்? முட்டை நான்கு, 24 கிராம். சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராம், 45 கிராமை ஒட்டி. பால் அல்லது தயிர் அரை லிட்டர், 17 கிராம். உலர்ந்த பருப்பு 60 கிராம், 14 கிராம். ஆக 100. மீதி தானியத்திலிருந்தும், தேவைப்பட்டால் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடரிலிருந்தும் வந்துவிடும். சைவமென்றால் உலர்ந்த சோயா துண்டு 50 கிராமில் 25 கிராம் கிடைக்கும். நிலக்கடலையைப் புரத உணவாக எண்ணி அள்ளிச் சாப்பிடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது: 100 கிராமில் புரதம் 25 கிராம் உண்டு, கூடவே 550க்கு மேல் கலோரியும் உண்டு.

பச்சை எடையா, சமைத்த எடையா என்ற குழப்பம் இன்னொன்று. உலர்ந்த பருப்பு 100 கிராமில் புரதம் 24. வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 மட்டுமே, மீதியெல்லாம் தண்ணீர். கலோரி கணக்கிடும் செயலியில் உலர்ந்த அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெந்ததை எடை போட்டால் புரதம் இரண்டரை மடங்கு அதிகமாகத் தெரியும். எண்ணெயும் அளக்காமல் விடப்படுகிறது. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. சமையலில் இரண்டு கரண்டி கூடினால் அன்றைய குறைப்பில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ காணாமல் போகும்.

புரதம் இவ்வளவு முக்கியமா என்பவர்களுக்கு: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், இரு குழுவும் 4 வாரம் கடும் பயிற்சியோடு 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டன. கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை (தசை, தண்ணீர் முதலியவை) 1.2 கிலோ கூடி, கொழுப்பு 4.8 கிலோ குறைந்தது. 1.2 கிராம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை கூடவேயில்லை என்று சொல்லலாம், கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. அவ்வளவு வெட்டுவதைப் பின்பற்றச் சொல்லவில்லை. புரதம் செய்யும் வேறுபாட்டை மட்டும் பாருங்கள்.

*

அளக்கும் விதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த வழியில் போகிறவர்கள் மனம் உடைவது தராசின் மேல்தான். பயிற்சி தொடங்கியதும் தசையில் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேரும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். வலியெடுத்த தசையும் நீர் பிடிக்கும். கிரியேட்டின் (பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் துணை உணவுப் பொடி) எடுத்தால் இன்னும் ஒரு கிலோ வரை கூடலாம். இதனால் முதல் மூன்று வாரம் கொழுப்பு குறைந்தும் எடை அப்படியே நிற்கும். "பலிக்கவில்லை" என்று அந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டுவதுதான் மிகப் பெரிய தவறு.

காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். வாரம் ஒருமுறை இஞ்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளங்கள், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல். கூடவே தொடை, மேல்கை. மாதவிடாய் வருபவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டாம். போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள், நடுவில் நீர் கூடிக் குறையும்.

இடுப்பு இறங்குகிறது, நோட்டில் எடை ஏறுகிறது, தராசு நிற்கிறது என்றால் எதையும் மாற்றாதீர்கள். இடுப்பும் தராசும் நான்கு வாரம் நின்றால் 150 கலோரி குறையுங்கள். இடுப்பு இறங்கி, நோட்டில் எடையும் இறங்கினால் சாப்பாடு போதவில்லை அல்லது தூக்கம் போதவில்லை. கொழுப்பு சதவீதம் காட்டும் வெயிட் மெஷினைப் பொருட்படுத்த வேண்டாம். தண்ணீர் குடித்தாலே அதன் எண் மாறும்.

*

தூக்கம் என்று மேலே ஒரு சொல்லில் கடந்துவிட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. அதே ஆட்கள், அதே குறைந்த கலோரி, 14 நாள். படுக்கையில் எட்டரை மணி நேரம் இருந்தபோதும் ஐந்தரை மணி நேரம் இருந்தபோதும் இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தூக்கம் குறைந்தபோது அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போனது, மீதி கொழுப்பற்ற எடை. நள்ளிரவு வரை விழித்துவிட்டு அதிகாலையில் ஜிம்முக்கு ஓடுபவர்கள், அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டு மாலையில் பயிற்சி செய்வது மேல்.

*

கிரியேட்டின் பற்றி: மோனோஹைட்ரேட் வகை, தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. கொழுப்பெரிப்பான் என்று விற்கும் மாத்திரைகள் வேண்டாம். நடை தினம் 7000, 8000 அடி. சாப்பாடு குறைந்தால் உடம்பு தன்னையறியாமல் அசைவைக் குறைக்கும், அதை ஈடுகட்டத்தான் இது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தையும் கிரியேட்டினையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும், பயிற்சியோடு உணவைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று விழும். மருந்தளவை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டாம், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

*

கடைசியாக ஒரு கால அளவு. முதல் 4 முதல் 6 வாரத்தில் தூக்கும் எடை வேகமாக ஏறுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால்தான். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, அதில் ஏமாற வேண்டாம். மூன்றாவது மாதத்தில்தான் தோளும் தொடையும் மாறுவது தெரியும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, கொழுப்பு குறைந்து பயிற்சியும் முதிர்ந்த பிறகு, இரண்டும் சேர்ந்து நடப்பது மெதுவாகிவிடும். இடுப்பு நின்று, எடை ஏற்றமும் 6 வாரமாக நின்றிருந்தால், அதுவரை குறைத்திருந்த கலோரியைத் திரும்பச் சேர்த்து நிலை அளவுக்கு வாருங்கள். அந்த மாதத்தில் தராசு ஒரு கிலோ ஏறினால், அது பெரும்பாலும் கிளைகோஜனும் தண்ணீரும்தான்.