டெபியன் சிட்: அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை போச்சு, சப்ளிகன்டைப் பழைய பதிப்புக்கு இறக்கலாமா?

மடம்_ஜெராக்ஸ்:
வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கடை லேப்டாப்பில் டெபியன் சிட், அதாவது டெபியன் லினக்ஸின் இன்னும் நிலைப்படாத, அடிக்கடி மாறும் பதிப்பு. கடையில் போய் சிட் எதற்கு என்று திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். வீட்டில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.

இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்து நேற்று ராத்திரி ஃபுல்-அப்கிரேடு கொடுத்தேன். காலையில் வந்து பார்த்தால் வைஃபை இல்லை. ஐகானையே காணோம். இப்போது போனை யூஎஸ்பியில் செருகி அதன் டேட்டாவில் எழுதுகிறேன்.

ஹிஸ்டரி.லாக் முழுக்கத் தேடினேன். வைஃபை சம்பந்தமாகக் கண்ணில் பட்டது ரூட்டரோடு இணைக்கும் நிரலான டபிள்யூபிஏ-சப்ளிகன்ட் ஒன்றுதான், புதுப் பதிப்பு ஏறியிருக்கிறது. பேக்கேஜ் ஏற்ற நான் இன்னும் பழைய ஆப்ட்-கெட் கட்டளையையே பயன்படுத்தும் ஆசாமி, அது இறக்கிய கோப்புகளை அழிப்பதில்லை என்பதால் பழைய .டெப் பேக்கேஜ் கோப்பு கேஷில் அப்படியே கிடக்கிறது. டிபிகேஜியில் (.டெப் கோப்பை நேராக ஏற்றும் கருவி) கொடுத்து இறக்கிவிடலாமா? மறுபடி மேலே ஏறிவிடக் கூடாதே என்று இப்போதைக்கு அதை ஹோல்டில் போட்டு, பதிப்பு மாறாமல் பூட்டியிருக்கிறேன்.

14ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இன்னும் நாலே நாள். படகுக்காரர்கள் மொத்தமாகப் பேப்பரோடு வந்து நிற்பார்கள்.

கொண்டல்:
ஃபோர்ஸ் போட்டு, அதாவது எச்சரிக்கையை மீறி, இறக்குங்கள். நான் பலமுறை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது.

கீழக்கரை_காக்கா:
தம்பி, கையை எடுங்க. எதையும் இறக்க வேண்டாம், முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வைஃபை பட்டியலில் ரூட்டர் பெயர் தெரிந்து, பாஸ்வேர்டு கொடுத்தபின் ஒட்ட மாட்டேன் என்கிறதா? இல்லை, பட்டியலே வரவில்லையா?

சப்ளிகன்டின் வேலை ரூட்டரோடு சாவி சரிபார்த்து உள்ளே போவது. அது கெட்டால் இணைப்பு தோற்கும், ஆனால் வைஃபை கருவி என்ற ஒன்று கணினியில் இருக்கும். நீங்கள் ஐகானே இல்லை என்கிறீர்கள். படகையே காணோம், அதற்குப் படகோட்டி மேல் எதற்குக் கோபம்?

நெட்வொர்க் கருவிகளைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்து வருவதை இங்கே போடுங்க. அப்புறம், வைஃபை லேப்டாப்போடு வந்ததா, வெளியே செருகியதா?

மடம்_ஜெராக்ஸ்:
காக்கா, 'ஐபி லிங்க்'கில் லூப்பேக், ஈதர்நெட், போன் யூஎஸ்பி, இந்த மூன்றுதான். வைஃபைக்கான, டபிள்யூஎல் என்று தொடங்கும் வரியே இல்லை.

சொல்ல மறந்துவிட்டேன். லேப்டாப் வைஃபை கார்டு போன வருஷமே போய்விட்டது. கழற்றிப் பார்த்தபோது முனை எல்லாம் பச்சைப் பூத்திருந்தது. கடைக்குப் பின்னாலேயே கடல், உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? அதற்கு அப்புறம் யூஎஸ்பி டாங்கிள்தான். அதன் டிரைவரை வீடியோ பார்த்துச் சோர்ஸிலிருந்து டிகேஎம்எஸ்ஸில் (லினக்ஸின் மையக்கருவான கர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்பக் கட்டும் கருவி) ஏற்றினேன்.

கீழக்கரை_காக்கா:
சரி, பாதி விளங்கிவிட்டது. ரீபூட் செய்து, தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்க. அங்கே வைஃபை வந்தால் சப்ளிகன்ட் நிரபராதி. ஏன் என்றால் புது சப்ளிகன்ட் அந்தக் கர்னலோடும் அதேதான், மாறுவது கர்னல் மட்டும்.

கொண்டல்:
ஒரு பேக்கேஜை இறக்கிப் பார்ப்பதில் அப்படி என்ன ஆபத்து? சரிவரவில்லை என்றால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே.

சோழகம்:
எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொள்ள முடியாது கொண்டல். தொண்டியில் உட்கார்ந்து நான் பட்ட பாடு இது. ஏதோ ஒரு பழைய மென்பொருள் ஓடவில்லை என்ற கடுப்பில் லிப்சி6-ஐ (ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பி ஓடும் அடிப்படை நூலகம்) ஃபோர்ஸ் போட்டு ஒரு பதிப்பு கீழே இறக்கினேன். அடுத்து கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' அடித்தேன். "ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை" என்றது. நகலெடுக்கும் 'சிபி' அடித்தாலும் அதே பதில். சிட்டில் இருக்கும் மற்றவை எல்லாம் புது லிப்சியை நம்பிக் கட்டப்பட்டவை. அதை உருவியதும் கூரை மொத்தமும் இறங்கிவிட்டது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, புது .டெப்பை வெளியிலிருந்து விரித்துப் போட்டுத்தான் மீண்டேன். விடிந்துவிட்டது.

டெபியன் கீழிறக்கத்தை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. பேக்கேஜோடு வரும் ஸ்கிரிப்டுகள் பழையதிலிருந்து புதியதற்குப் போகத்தான் எழுதப்பட்டவை. திரும்பி வரும் வழியை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பேக்கேஜ் பின்னால் போனாலும் அதன் டேட்டா பின்னால் போகாது. ஃபயர்ஃபாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: புதுப் பதிப்பில் ஒருமுறை திறந்த ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புது ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும்.

அதற்காக இறக்கவே கூடாது என்று இல்லை. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ரகசியப் பின்வாசல் வைக்கப்பட்டிருந்த விவகாரம் வெளியானது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருளாளர் தோண்டப்போய்ச் சிக்கியது அது. 5.6.0, 5.6.1 இரண்டிலும் விஷம். அன்று சிட் வைத்திருந்த எல்லோருமே கீழே இறங்க வேண்டியிருந்தது. ஆனால் டெபியன் அதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். உள்ளே பழைய 5.4.5-ஐ வைத்து, வெளியே 5.6.1+ரியலி5.4.5 என்று பெயர் எழுதி அனுப்பியது. ஆப்ட் கண்ணுக்கு அது மேலே ஏறுகிற பதிப்பு. அவர்களே நேராக இறங்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மடம்_ஜெராக்ஸ்:
படிக்கவே பயமாக இருக்கிறது அண்ணே. ஒருவேளை சப்ளிகன்ட்தான் குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம். அதை இறக்கலாமா, கூடாதா?

சோழகம்:
இறக்கலாம். அதை நம்பி நிற்பவை நெட்வொர்க் மேனேஜர் மாதிரி நாலைந்துதான், லிப்சி மாதிரி ஊரே சாய்ந்து நிற்கவில்லை. நான் பார்ப்பது இதைத்தான்: இந்த ஒன்றை இறக்கினால் கூட எத்தனை இறங்கும், எத்தனை கழன்று விழும்? ஆப்ட்-கெட்டில் '-எஸ்' போட்டு ஒத்திகை பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கினால் செய்யலாம். "இவை நீக்கப்படும்" என்று நீளமாகப் பட்டியல் வந்தால் கன்ட்ரோல்-சி.

ஃபோர்ஸ் மட்டும் வேண்டாம். பேக்கேஜ் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டுப் பதிப்பு எண் கொடுத்தால் ஆப்ட் சார்புகளையும் சேர்த்துப் பார்க்கும். பழைய பதிப்பு பெரும்பாலும் டெபியனின் டெஸ்டிங் கிளையில் இருக்கும், சிட்டில் சில நாள் ஊறிய பிறகுதானே அங்கே போகிறது. அங்கும் இல்லை என்றால் டெபியனின் பழைய பேக்கேஜ்களைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் கிடங்கில் தேதிவாரியாகக் கிடைக்கும். எந்தப் பதிப்புக்கு முன்னுரிமை என்று ஆப்டுக்கு எண்ணால் சொல்லும் பின்னிங்கில் 1000, அதற்கு மேல் எண் கொடுத்தால் ஆப்ட் தானாகவே கீழே இறக்கும். அதை ஒரு பேக்கேஜுக்கு மட்டும் எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மடம்_ஜெராக்ஸ்:
பழைய கர்னலில் வந்தேன். வைஃபை வந்துவிட்டது! டாங்கிளில் நீல விளக்கு மினுக்குகிறது. புது சப்ளிகன்ட்தான், அதே ரூட்டர்தான்.

கீழக்கரை_காக்கா:
அல்ஹம்துலில்லாஹ். இப்போது 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்க. பழைய கர்னல் எண் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மடம்_ஜெராக்ஸ்:
ஆமாம் காக்கா, பழைய எண் ஒரே வரி. புதுக் கர்னலுக்கு எதுவும் இல்லை.

கீழக்கரை_காக்கா:
ஹெட்டர் (கர்னலுக்கான டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லை. வீடியோவில் சொன்னபடி அன்றைய கர்னல் எண்ணைப் போட்டு ஹெட்டர் ஏற்றியிருப்பீங்க. எப்போதும் புதுக் கர்னலைச் சுட்டும் மெட்டா-பேக்கேஜ் புதுக் கர்னலை இழுத்து வந்தது, ஹெட்டரை இழுத்துவர ஆள் இல்லை. ஹெட்டர் இல்லாமல் டிகேஎம்எஸ் எதை வைத்து டிரைவர் கட்டும்?

எண் இல்லாத 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' ஏற்றுங்க. இனிமேல் கர்னலோடு அதுவும் கூடவே வரும். ஏறும்போதே டிரைவரும் கட்டப்பட வேண்டும், திரையைக் கவனியுங்க. அங்கே பிழை வந்தால் டிரைவர் சோர்ஸ் பழசு என்று அர்த்தம். அப்போது புதுச் சோர்ஸ் தேட வேண்டும். கடை நாலு நாளும் பழைய கர்னலிலேயே ஓடட்டும், தப்பில்லை. தேவையில்லாததாகத் தெரியும் பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் மட்டும் கொடுத்துவிடாதீங்க, பழைய கர்னலும் போய்விடலாம்.

மடம்_ஜெராக்ஸ்:
ஹெட்டர் ஏறியது, பிழை இல்லாமல் டிரைவர் கட்டியது. புதுக் கர்னலில் பூட் செய்தேன், வைஃபை இருக்கிறது. முதல் வேலையாக ஒரு படகுப் பதிவுச் சான்று நகல் எடுத்தேன், கொண்டுவந்தவர் காலையிலேயே வந்து திரும்பிப் போனவர். சோழகம் அண்ணே, காக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ராமேஸ்வரம் வந்தால் கடைக்கு வாங்க.

சோழகம்:
வருகிறேன். சப்ளிகன்டை ஹோல்டில் போட்டீர்களே, எடுத்துவிட்டீர்களா?

மடம்_ஜெராக்ஸ்:
ஐயோ. இப்போதுதான் எடுத்தேன்.